வாஷிங்டன் முகத்துக்குக் கீழே உள்ள சொல்: பழைய அமெரிக்க வருவாய் வில்லைகள் ஓர் அறிமுகம்

பழைய அமெரிக்க அஞ்சல்தலைகள் கலந்து வரும் தொகுப்பைப் பிரித்துப் பார்த்தால், ஜார்ஜ் வாஷிங்டனின் முகம் பொறித்த சில சிறு தாள்கள் அநேகமாக அதில் இருக்கும். அவற்றின்மேல் அஞ்சலகத்தின் வட்ட முத்திரை இராது. பேனா மையால் எழுதிய இரண்டு மூன்று எழுத்துகளும் ஒரு தேதியும் குறுக்கே ஓடும். புதிதாகத் தொகுக்கத் தொடங்குகிறவர்கள் இவற்றை யாரோ கிறுக்கிக் கெடுத்த அஞ்சல்தலைகள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் நூற்றைம்பது ஆண்டுப் பழமை என்பதாலேயே பெருந்தொகை கிடைக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். இரண்டு முடிவுமே தவறு. அவை வருவாய் வில்லைகள். நம் ஊரில் ரசீதின்மேல் ஒட்டிக் கையொப்பமிடும் ரெவின்யூ ஸ்டாம்பைப் போலவே, வரி செலுத்தப்பட்டது என்பதற்குச் சான்றாக ஆவணத்திலோ சரக்கிலோ ஒட்டப்பட்டவை. எந்த வரிக்காக, எந்தத் தாளில், எத்தகைய விளிம்போடு அச்சிடப்பட்டது, மீண்டும் பயன்படாதபடி எவ்வாறு குறியிட்டு ரத்துச் செய்யப்பட்டது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே விலையைப் பற்றிப் பேச முடியும்.

அஞ்சல்தலையையும் வருவாய் வில்லையையும் பிரித்தறிவது எளிது. அஞ்சல்தலையில் பெரும்பாலும் 'போஸ்டேஜ்' என்ற சொல் இருக்கும். வருவாய் வில்லையில் 'இன்டர். ரெவ்.' என்ற சுருக்கமோ, 'இன்டர்னல் ரெவின்யூ' (உள்நாட்டு வருவாய்) என்ற முழுச் சொற்றொடரோ, 'டாக்குமென்டரி', 'புரொப்ரைட்டரி' என்ற வகைப்பெயரோ காணப்படும். டாக்குமென்டரி என்பது பத்திரம், காசோலை, ஒப்பந்தம் போன்ற ஆவணங்களுக்கு உரியது. புரொப்ரைட்டரி என்பது மருந்து, வாசனைத் திரவியம், தீப்பெட்டி போன்ற விற்பனைப் பொருள்களுக்கு உரியது. இவ்விரண்டும் போக மது, புகையிலை, பீர், சீட்டுக்கட்டு, பங்குப் பரிமாற்றம், போதைமருந்து, வெள்ளி என்று தனித்தனி வரிகளுக்குத் தனித்தனி வில்லைகள் பிற்காலத்தில் வந்தன. அமெரிக்க வில்லைகளுக்குத் தொகுப்பாளர்கள் பயன்படுத்தும் விலைப்பட்டியலான ஸ்காட் கேட்டலாக்கில், டாக்குமென்டரி வகையும் அதன் முன்னோடிகளும் 'ஆர்' என்ற எழுத்தோடும், புரொப்ரைட்டரி வகை 'ஆர்பி' என்ற எழுத்துகளோடும் எண்ணிடப்பட்டுள்ளன. விற்பவர்கள் எல்லாரும் இந்த எண்களைக் கொண்டே பேசுவதால், தொடக்கத்திலேயே இவற்றுக்குப் பழகிக்கொள்வது நல்லது.

தொகுப்பாளர்கள் 'முதல் வெளியீடு' என்று குறிப்பிடும் வில்லைகள் அமெரிக்க உள்நாட்டுப் போரின் பிள்ளைகள். படையை நடத்தப் பணம் தேவைப்பட்டதால் 1862 ஜூலை 1 அன்று ஆபிரகாம் லிங்கன் ஒரு வரிச் சட்டத்தில் கையொப்பமிட்டார்; அதன்படி அக்டோபர் 1 முதல் காசோலை, அடமானம், குத்தகை, உயில், தந்தி, பயணச்சீட்டு என வாழ்க்கையின் ஏறத்தாழ எல்லாக் காகிதங்களும் வில்லை ஒட்ட வேண்டியவை ஆயின. அச்சிடும் பொறுப்பு பிலடெல்பியாவின் பட்லர் அண்ட் கார்ப்பென்டர் நிறுவனத்துக்குக் கிடைத்தது. 1 சென்ட் முதல் 200 டாலர் வரை நீளும் இந்த வரிசை முழுவதிலும் வாஷிங்டன் ஒருவரின் உருவமே இருப்பதால், முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. முகத்துக்குக் கீழே எழுதியிருக்கும் சொல்லைப் படிக்க வேண்டும்.

அந்தச் சொல் வரியின் பெயர். 'பேங்க் செக்' காசோலைக்கு. 'கன்வேயன்ஸ்' சொத்துக் கிரயத்துக்கு. 'புரோபேட் ஆஃப் வில்' உயிலை மெய்ப்பிக்க. 'இன்லேண்ட் எக்ஸ்சேஞ்ச்' உள்நாட்டுப் பணமாற்றுச் சீட்டுக்கு. 'பிளேயிங் கார்ட்ஸ்' சீட்டுக்கட்டுக்கு. ஒவ்வோர் ஆவணத்துக்கும் அதற்குரிய பெயர் கொண்ட வில்லையையே ஒட்ட வேண்டும் என்பது முதலில் இருந்த விதி. தேவையான வில்லை தேவையான ஊரில் கிடைக்காமல் மக்கள் திண்டாடியதால், அதே ஆண்டு டிசம்பர் 25 முதல் புரொப்ரைட்டரி நீங்கலாக எந்தப் பெயருடைய வில்லையையும் எந்த ஆவணத்திலும் ஒட்டலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. ஆகவே அடமானப் பத்திரத்தில் 'லீஸ்' என்று எழுதிய வில்லை இருந்தால் அதை மோசடி என்று ஐயுற வேண்டியதில்லை. மாறாக, 1862-இன் கடைசி மூன்று மாதங்களில் எழுதப்பட்டு, பெயரும் ஆவணமும் சரியாகப் பொருந்தும் வில்லைகளைச் சிறப்புத் தொகுப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

ஒரு சொல் விலையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு 6 சென்ட் வில்லையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஆரஞ்சு நிறத்தில் அச்சிட்ட 6 சென்ட் 'இன்லேண்ட் எக்ஸ்சேஞ்ச்' சில டாலருக்குக் கிடைக்கும் சாதாரண வில்லை. அதே நிறத்தில் அதே தொகைக்கு அச்சிட்ட 6 சென்ட் 'புரொப்ரைட்டரி' மிக அரியது. கேட்டலாக்கில் அதன் விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். அவசரமாகப் புரட்டுகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். இதற்கு நேர்மாறாக, 1864-இல் வந்த ஆரஞ்சு நிற 2 சென்ட் 'யு.எஸ். இன்டர்னல் ரெவின்யூ' வில்லை ஒரு டாலருக்குக் குறைவாகவே இன்றும் விற்கிறது. கோடிக்கணக்கான காசோலைகளிலும் ரசீதுகளிலும் ஒட்டப்பட்ட ஒன்று அரிதாக இருக்க வழியில்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்பதைக் கவனியுங்கள்.

சொல்லைப் படித்த பிறகு விளிம்பைப் பார்க்க வேண்டும். முதல் வெளியீட்டின் தொடக்க நாள்களில் தேவை அவசரமாக இருந்ததால், சில தாள்கள், வில்லைகளைக் கிழித்துப் பிரிக்க உதவும் துளைகளே இடாமல் அனுப்பப்பட்டன. சில ஒரு திசையில் மட்டும் துளையிட்டு அனுப்பப்பட்டன. பிறகு நான்கு பக்கமும் துளையிட்டவை வந்தன. கேட்டலாக் இந்த மூன்றையும் எண்ணுக்குப் பின்னால் ஏ, பி, சி என்ற எழுத்துகளால் குறிக்கிறது. மேலே சொன்ன 2 சென்ட் வில்லை 'ஆர் 15 சி' ஆவது இப்படித்தான். 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கூழில் பட்டு இழைகள் கலந்து செய்த தாளில் சில வில்லைகள் அச்சிடப்பட்டன, அவற்றுக்கு டி. இந்த இழைகளைக் காண வில்லையின் பின்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முடித்துண்டு போல ஓரிரு நிற இழைகள் தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும். மேலே ஒட்டிக்கொண்ட தூசி இழை இடுக்கியால் தொட்டால் நகர்ந்துவிடும்.

துளையில்லா வகை பலவற்றில் துளையிட்ட வகையைவிட அரிது. எனவே துளையிட்ட வில்லையின் பற்களைக் கத்தரித்து எறிந்துவிட்டுத் துளையில்லாதது என்று விற்கும் பழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. இதைக் கண்டுபிடிக்கும் வழி அளவில் இருக்கிறது. அச்சான படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் வெள்ளை விளிம்பு தாராளமாக இருக்க வேண்டும். துளையிட்ட சாதாரண வில்லையை அதன் மேல் வைத்தால், பற்களின் நுனிக்கும் வெளியே துளையில்லாத வில்லையின் தாள் தெரிய வேண்டும். அப்படித் தெரியாத ஒற்றை வில்லையைத் துளையில்லாதது என்று நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. ஒரு திசையில் மட்டும் துளையிட்ட வகையை இணையாக, அதாவது பிரிக்காத இரண்டு வில்லைகளாக, வாங்குவதே பாதுகாப்பானது. இரண்டுக்கும் நடுவில் துளை இல்லை என்பதைக் கண்ணாலேயே உறுதிசெய்துகொள்ளலாம்.

மை எழுத்தை வேதிப்பொருளால் கழுவி, வில்லையை மீண்டும் ஒட்டுகிற ஏமாற்று 1860-களில் பரவியது. அரசு இதற்கு எடுத்த நடவடிக்கையிலிருந்தே இரண்டாம், மூன்றாம் வெளியீடுகள் பிறந்தன. 1871-இல் வந்த இரண்டாம் வெளியீடு ஊதாச் சாயல் கொண்ட, பட்டு இழை கலந்த சிறப்புத் தாளில் அச்சிடப்பட்டது. கழுவ முயன்றால் தாளே காட்டிக்கொடுத்துவிடும் என்பது எண்ணம். நீலச் சட்டகத்துக்குள் கறுப்பு நிற வாஷிங்டன் உருவம் இதன் அடையாளம். ஆனால் பல மதிப்புகளும் ஒரே நீலத்தில் இருந்ததால், பயன்படுத்துகிறவர்கள் குழம்பினார்கள். ஆகவே அதே வடிவங்களை வெவ்வேறு நிறச் சட்டகங்களோடு அச்சிட்டு, மூன்றாம் வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். நீலம் என்றால் இரண்டாவது, வேறு நிறம் என்றால் மூன்றாவது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சட்டகமும் உருவமும் தனித்தனியாக இருமுறை அச்சானதால், தாளைத் திருப்பி வைத்த இடங்களில் வாஷிங்டன் தலைகீழாக நிற்கும் பிழைகளும் சில மதிப்புகளில் உண்டு. இவை நல்ல விலை பெறும். இரண்டாம் வெளியீட்டின் உச்சி 500 டாலர் வில்லை. மூன்று நிறங்களில், பின்னிப் பின்னி நெய்தது போன்ற வேலைப்பாடு கொண்ட அதைத் தொகுப்பாளர்கள் 'பாரசீகக் கம்பளம்' என்று அழைக்கிறார்கள். ஏறத்தாழ இருநூறே அச்சிடப்பட்ட அந்த வில்லையைப் போல அழகான ஒன்றை அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் நான் கண்டதில்லை.

ஆவணங்களின் மீதான பெரும்பாலான வரிகள் 1872 அக்டோபர் 1 அன்று நீங்கின. காசோலைக்கான 2 சென்ட் வரி மட்டும் 1883 ஜூலை 1 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் காசோலைகளில் ஒட்டப்பட்ட, சுதந்திர தேவியின் தலை பொறித்த நீல நிற 2 சென்ட் வில்லை மிக எளிதாகக் கிடைக்கும். இதில் பட்டுத் தாள் வகையும், 'யுஎஸ்ஐஆர்' என்ற நான்கு எழுத்துகளை நீர்க்குறியாக, அதாவது தாளுக்குள்ளேயே பதிந்த மங்கலான குறியாக, கொண்ட வகையும் உண்டு. நீர்க்குறியைக் காண வில்லையைக் கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்து, அதற்கென்று விற்கும் திரவத்தில் இரண்டு துளி விட வேண்டும். ஒரு வில்லையில் முழு எழுத்து தெரிவது அரிது. எழுத்தின் ஒரு வளைவோ கோடோ தெரிந்தால் போதும்.

அடுத்த அலை 1898-இல் ஸ்பெயினோடு நடந்த போரால் வந்தது. ஜூலை 1 முதல் வரி தொடங்கியபோது புதிய வில்லைகள் போதுமான அளவில் ஆயத்தமாகவில்லை. எனவே அப்போது புழக்கத்திலிருந்த 1 சென்ட், 2 சென்ட் அஞ்சல்தலைகளின் மேல் 'ஐ.ஆர்.' என்று அச்சடித்து வழங்கினார்கள். பிறகு போர்க்கப்பல் படம் கொண்ட வரிசை வந்தது. சென்டில் எட்டில் ஒரு பங்கு, எட்டில் மூன்று பங்கு போன்ற பின்ன மதிப்புகள் புரொப்ரைட்டரி வகையில் இருப்பது புதியவர்களை வியக்க வைக்கும். மலிவான மருந்துப் புட்டிக்கு அவ்வளவே வரி. இந்தக் கப்பல் வில்லைகளில் விளிம்பு இரண்டு வகை. ஒன்றில் தாள் அகற்றப்படாமல் வெறும் கீறல்களாக வெட்டப்பட்டிருக்கும். மற்றதில் சிறு நீள்சதுரத் துளைகள் இருக்கும். கேட்டலாக் இரண்டுக்கும் தனி விலை தருகிறது. சாதாரண 2 சென்ட் கப்பல் வில்லை எதுவாயினும் சில்லறைக் காசுக்கே விற்கும்.

இந்தக் காலத்தைச் சேர்ந்த ஒரு வில்லைக் குழுவைப் பற்றி எச்சரிக்கை தேவை. 1902-இல் டாலர் மதிப்புள்ள சில வில்லைகளின் மேல் பெரிய அலங்கார எண்களை அச்சடிக்குமுன், நடுவில் நீரில் கரையும் ஒரு பூச்சைத் தடவினார்கள். யாரேனும் கழற்ற நனைத்தால் எண்ணின் நடுப்பகுதி அழிந்துபோகும் என்பதே நோக்கம். நூறாண்டு கழித்தும் அந்தப் பொறி வேலை செய்கிறது. அஞ்சல்தலைகளைப் போல இவற்றையும் வெந்நீரில் ஊறவைக்கிறவர் கண்முன்னேயே தம் வில்லையை இழப்பார்.

1914 முதல் 1967 இறுதி வரையிலான டாக்குமென்டரி வில்லைகளைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். 1940 முதல் 1958 வரை ஒவ்வோர் ஆண்டின் எண்ணும் வில்லையின் மேல் அச்சிடப்பட்டதால் ஆண்டை அறிவதில் சிரமம் இல்லை. வாஷிங்டனுக்குப் பதிலாக இவற்றில் கருவூலச் செயலர்களின் முகங்கள் உள்ளன. 1,000 டாலர், 10,000 டாலர் என்று அச்சிட்ட வில்லைகளும் இந்தக் காலத்தவையே. அவ்வளவு பெரிய எண்ணைக் கண்டு மனம் துள்ளுவது இயல்பு. ஆயினும் பயன்படுத்தி ரத்தான வில்லைக்கு அந்த எண் ஒரு பொருட்டே அல்ல, அதன் மிகச் சிறிய பங்கே சந்தையில் கிடைக்கும்.

ரத்துக் குறிக்கு வருவோம். அஞ்சல்தலையை அஞ்சலகம் ரத்துச் செய்கிறது. வருவாய் வில்லையை, அதை ஒட்டியவரே தம் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் எழுதி ரத்துச் செய்ய வேண்டும் என்று 1862-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஆகவே பேனா எழுத்து குறை ஆகாது. முதல் வெளியீட்டைப் பொறுத்தவரை கேட்டலாக்கில் உள்ள விலைகளே பயன்படுத்திய வில்லைகளுக்கு உரியவை. தெளிவான ரப்பர் அல்லது உலோக முத்திரையால் நிறுவனத்தின் பெயரும் தேதியும் பதிந்திருந்தால் விலை கூடும். பேனாக் கோடு மெல்லியதாகவும் முகத்தை மறைக்காமலும் இருப்பது விரும்பப்படும். கத்தியால் கீறியோ, துளைக் கருவியால் குத்தியோ ரத்துச் செய்தவை விலையில் தாழ்ந்தவை. பல வில்லைகளுக்குக் கீறலுள்ள நிலைக்கென்றே கேட்டலாக்கில் தனி விலை காட்டப்பட்டிருக்கிறது. எழுத்தே இல்லாமல் பளிச்சென்று இருக்கும் முதல் வெளியீட்டு வில்லையைக் கண்டால் மகிழ்வதற்கு முன் ஐயுற வேண்டும். மையைக் கழுவியிருக்கலாம்; புற ஊதா விளக்கின் கீழ் பழைய எழுத்தின் தடம் பல நேரங்களில் வெளிப்படும்.

வில்லை இன்னும் ஆவணத்திலேயே ஒட்டியிருந்தால் அதைப் பிரிக்கவே வேண்டாம். பிரித்தால் ஒரு டாலர்கூடப் பெறாத வில்லை, அது ஒட்டிய காசோலை, பத்திரம் அல்லது நிழற்படத்தோடு சேர்ந்து பல மடங்கு பெறக்கூடும். நிழற்படம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1864 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை அமெரிக்காவில் நிழற்படங்களுக்கும் வரி இருந்தது. 25 சென்ட் வரை விலையுள்ள படத்துக்கு 2 சென்ட், 50 வரை 3 சென்ட், ஒரு டாலர் வரை 5 சென்ட் என்ற அளவில், சிறு அட்டைப் படங்களின் பின்புறத்தில் வில்லையை ஒட்டி, நிழற்படக்காரர் தம் பெயரெழுத்தை எழுதினார். பெயரும் தேதியும் இல்லாத ஒரு குடும்பப் படத்தின் பின்னால் இப்படி ஒரு வில்லை இருந்தால், அது அந்த ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளுக்குள் விற்கப்பட்டது என்பது உறுதியாகிறது. வாடிக்கையாளர் கொடுத்த விலை எந்த வரம்புக்குள் இருந்தது என்பதையும் வில்லையின் தொகையே சொல்லிவிடுகிறது. சில படங்களில் சீட்டுக்கட்டுக்கான 'பிளேயிங் கார்ட்ஸ்' வில்லையும் காணப்படும். படத்தில் இருப்பவர் சீருடை அணிந்த போர்வீரராக இருந்தால் வரலாற்று ஆர்வலர்களும் போட்டிக்கு வருவார்கள்.

மருந்து, தீப்பெட்டி நிறுவனங்கள் தம் சொந்தச் செலவில் அச்சுத் தகடு செய்துகொண்டால், வில்லைகளை அரசிடமிருந்து தள்ளுபடி விலையில் பெறலாம் என்ற ஏற்பாடும் அக்காலச் சட்டத்தில் இருந்தது. அதனால் வாஷிங்டன் இல்லாத, நிறுவனத்தின் பெயரும் சின்னமும் சில நேரங்களில் உரிமையாளரின் முகமும் கொண்ட தனியார் வில்லைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவல் நகரில் இயங்கிய ஜே.சி. ஏயர் மருந்து நிறுவனத்தின் வில்லைகள் இவற்றில் நன்கு அறியப்பட்டவை. புட்டியைத் திறக்கும்போது கிழியும்படி ஒட்டப்பட்டவை என்பதால், இந்த வகையில் குறையே இல்லாத வில்லையை எதிர்பார்க்கக் கூடாது. சிறு கிழிசலோ மெலிந்த இடமோ இருந்தாலும் தொகுப்பாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இனி விலை. கேட்டலாக்கில் காணும் விலை, குறையற்ற ஒரு வில்லைக்குச் சில்லறை வணிகர் கேட்கக்கூடிய தொகை. நிறம் மங்காமல், கிழிசல், மடிப்பு, மெலிந்த இடம் ஆகியவை இல்லாமல், படம் விளிம்புகளுக்கு நடுவில் அமைந்த வில்லையே அந்தத் தொகைக்குத் தகுதி பெறும். முதல் வெளியீட்டில் படம் நடுவில் அமைவதே அரிது என்பதால், அப்படி அமைந்தது கிடைத்தால் கேட்டலாக்கைவிடக் கூடுதலாகவும் கொடுப்பார்கள். கிழிந்தது அதில் ஒரு சிறு பங்கே பெறும். கேட்டலாக்கின் மிகக் குறைந்த விலையான சில பத்து சென்டுகள், வணிகர் அந்த ஒரு வில்லையைத் தேடி எடுத்து உறையிலிடும் உழைப்புக்கானது. அத்தகைய ஆயிரம் வில்லைகளை வைத்திருப்பவர், அந்தச் சென்டுகளை ஆயிரத்தால் பெருக்கித் தமக்குச் செல்வம் இருப்பதாகக் கருதக் கூடாது. ஒரு வில்லை உண்மையில் எவ்வளவுக்குப் போகிறது என்பதை அறிய, ஏலங்களில் விற்று முடிந்த விலைகளைப் பார்க்க வேண்டும். விற்பவர் கேட்கும் விலை ஆசையை மட்டுமே காட்டும்.

தொடங்குகிறவர் வாங்க வேண்டிய கருவிகள் சிலவே: தட்டையான நுனியுள்ள இடுக்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, துளைகளை அளக்கும் அளவுகோல், கறுப்புத் தட்டு. நூலகத்தில் கிடைக்கும் சில ஆண்டுப் பழைய கேட்டலாக்கே அடையாளம் காணப் போதும், ஏனெனில் விலை மாறினாலும் எண்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. முதலில் தொகையாலும், பிறகு சொல்லாலும், பிறகு விளிம்பாலும் பிரித்து அடுக்கினால், ஐயத்துக்குரியவை கைவிரலால் எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிடும். அவற்றில் ஏதேனும் நூறு டாலருக்கு மேல் மதிப்புள்ளதாகத் தோன்றினால், நியூயார்க்கின் பிலட்டெலிக் ஃபவுண்டேஷன் அல்லது அமெரிக்க அஞ்சல்தலைச் சங்கத்தின் ஆய்வுப் பிரிவுக்கு அனுப்பிச் சான்றிதழ் பெறலாம். சான்றிதழுக்குக் கட்டணமும் அஞ்சல் செலவும் உண்டு. ஆகவே சில டாலர் வில்லைக்கு அது தேவையில்லை. துளையில்லாத அரிய வகை, தலைகீழ் உருவம், 6 சென்ட் புரொப்ரைட்டரி போன்றவற்றை மட்டும், சான்றிதழ் இல்லாமல் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.